கண்ணாடியில் வரைந்த நட்சத்திரம்

நட்சத்திரத்தை நேராகப் பார்க்கக் கூடாது என்பது விதி. காகிதத்தை ஒரு தகரத் தடுப்பு மறைத்திருக்கும். எதிரே நிறுத்திய கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்துக்கொண்டு, அச்சடித்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் பென்சிலை ஓட்டி ஒரு சுற்று வர வேண்டும். கையை முன்னால் தள்ளினால் கண்ணாடியில் அது பின்னால் வரும். முனைகளில் திரும்பும்போது எல்லோருக்கும் கை நின்றுவிடும். எனக்கும் நின்றது. கோட்டைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் தொடவில்லை. ஒவ்வொரு முனையிலும் நிறுத்தி, எந்தப் பக்கம் தள்ளினால் எந்தப் பக்கம் போகும் என்று யோசித்துவிட்டுத்தான் திரும்பினேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில் நிறுத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் செய்தது அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் அப்போது தொழிற்சாலைகளை விட வேர்க்கடலைக் கொல்லைகள்தான் அதிகம். லாரிகளுக்கான தகட்டுப் பாகங்களை அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் பிரஸ் ஆபரேட்டர். படப்பையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சேரப்பணஞ்சேரியில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது, பெண்ணுக்கும் பிடித்திருந்ததாகத் தகவல் வந்தது. பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வரட்டும், தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பெண்ணின் தாய்மாமன் சொல்லியிருந்தார். அந்த ஆர்டருக்காகத்தான் நான் ஒரு நாள்கூட லீவு போடாமல் பிரஸ் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸ் கல்லூரி ஒன்றில் உளவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அந்தப் பெண் ஒரு மரப்பெட்டியோடு வந்தார். சிலருக்கு மட்டும் விபத்து திரும்பத் திரும்ப நேர்வதற்கு அவர்கள் மனசில், கவனத்தில் ஏதாவது காரணம் இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. கேன்டீனுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். ஷிப்ட் முடிந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனோம். விளக்கு எரிந்ததும் சாவியைத் தட்ட வேண்டும். ஓட்டைக்குள் ஊசியை விளிம்பில் படாமல் விட வேண்டும், பட்டால் மணி அடிக்கும். எழுத்துக்கள் நிறைந்த தாளில் குறிப்பிட்ட எழுத்தை மட்டும் அடிக்க வேண்டும். எண்களைக் கேட்டுத் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். தூக்கம், கோபம், கனவு, குடும்பம் பற்றிக் கேள்விகள். கடைசியில் நட்சத்திரம்.

வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"இன்னாபா, கீழ்ப்பாக்கத்துல எடம் கெடச்சிதா?" என்று கேட்டார் என் பக்கத்து பிரஸ்ஸில் வேலை செய்த மண்ணூர்க்காரர். என்னைவிட மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்துதான் ஓவர்டைம் வருவார், அதற்கு யாரும் அவரை ஒன்றும் சொல்ல முடியாது.

"கெடச்சிது. உங்களுக்கும் சேத்து சொல்லி வெச்சிட்டு வந்தேன்ணா."

"எனக்கு வோணாம். எங்க வூட்டுலயே அது கீது."

அவர் இரண்டே நிமிடத்தில் நட்சத்திரத்தை முடித்து, கோட்டை எங்கெங்கோ தாண்டி, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

பிரஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. மாதக் கடைசியில் உற்பத்தியைக் காட்ட வேண்டியிருக்கும். அப்போது இடது பொத்தானை சைக்கிள் டியூப் துண்டால் இழுத்துக் கட்டிவிடுவோம். ஒரு கை போதும், இன்னொரு கை தகட்டை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். எல்லோரும் கட்டினோம். சூப்பர்வைசர் அந்தச் சமயம் பார்த்து டீ குடிக்கப் போவார். சிலருக்கு விரல் நசுங்கியது, சிலருக்கு நசுங்கவில்லை. நசுங்காதவன் கெட்டிக்காரன் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. எனக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. ஆராய்ச்சிப் பெண் டியூப் துண்டைப் பற்றி யாரையும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது, சொல்லவும் யாரும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, நாளையிலேர்ந்து நீ டூல் கிரிப்புக்குப் போயிடு."

"ஏன் சார்? என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒண்ணும் இல்லபா. அந்த டெஸ்ட்ல உனக்கும் இன்னும் மூணு நாலு பேருக்கும் டைம் ஜாஸ்தி ஆயிருக்காம். டைம் ஜாஸ்தியான ஆளு மிஷின்ல நிக்கக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"நான் கோட்டையே தொடலியே சார்."

"அத இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்ற? நானா கண்ணாடி புடிச்சேன்?"

டூல் கிரிப் என்பது பிரஸ் ஷாப்பின் மூலையில் இருந்த கம்பிவலைக் கூண்டு. ஸ்பானர், துளைபோடும் பிட், அளவுமானி எல்லாம் அதற்குள் இருக்கும். தொழிலாளி ஜன்னலில் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைக் கொடுப்பான். அவன் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தச் சாமான் இருந்த ஆணியில் டோக்கனை மாட்ட வேண்டும். சாமானைத் திருப்பிக் கொடுத்தால் டோக்கன் அவனிடமே போய்விடும். கதவுக்கு உள்பக்கம் கொக்கி. வேலை நேரம் முழுக்க அதைப் போட்டே வைத்திருக்க வேண்டும். நாலு பக்கமும் வலை என்பதால் நான் எல்லோரையும் பார்க்கலாம், எல்லோரும் என்னைப் பார்க்கலாம். என் பழைய பிரஸ் நேர் எதிரே இருந்தது.

அந்தக் கூண்டில் ஒரு வாரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு நேர்ந்தது என்னவென்று புரிந்தது. ஒரு நாள் துளைபோடும் பிட் ஒன்று கை நழுவிக் கீழே விழுந்தது. வரிசையில் நின்றவன் பின்னால் திரும்பி, "சும்மாவா டெஸ்ட்ல மாட்னாரு" என்றான். பிரஸ் ஷாப்பில் தினமும் யாராவது எதையாவது கீழே போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. அதனால் எதையும் கீழே போடக் கூடாது என்று நிதானமாக எடுத்துக் கொடுத்தேன். "பாத்தியா, யோசிக்கிறாரு" என்றார்கள். வேகமாகக் கொடுத்த நாளில் வேறு அளவு ஸ்பானர் போய்விட்டது. நான் செய்த எதுவும் என் பக்கம் பேசவில்லை. முடிவை முதலில் எழுதிவிட்டார்கள். காரணங்கள் பின்னால் தானாக வந்து சேர்ந்துகொண்டிருந்தன.

பெண் வீட்டுக்கு விஷயம் போய்ச் சேர அதிக நாள் ஆகவில்லை. எங்கள் ஷாப்பில் சேரப்பணஞ்சேரி ஆட்கள் இருந்தார்கள். ஒரு நாள் மதியம் தாய்மாமன் தொழிற்சாலை கேட்டுக்கு வந்து என்னை வெளியே அழைத்தார். டீக்கடையில் பேசாமல் சாலையோரப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. டாக்டரம்மா வந்து மூளைய சோதிச்சிட்டுப் போனாங்கன்னு சொல்றாங்களே, அது இன்னா சமாச்சாரம்?"

"மூளை இல்லீங்க மாமா. கை ஓட்டம்."

"கைக்கும் மூளைக்கும் தானே லைன் போவுது?"

"கண்ணாடியப் பாத்து ஒரு படம் வரையச் சொன்னாங்க. நான் மெதுவா வரைஞ்சேன்."

"வேகமா வரைஞ்சிருக்கலாமே."

"தப்பில்லாம வரையணும்னு பாத்தேன்."

அவர் சாலைப் பக்கம் திரும்பினார். ஒரு லாரி போனது. "நான் இன்னா சொல்றது? பொண்ணுக்கு அப்பா இல்ல, நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா என்னத்தான் கேப்பாங்க. அம்மனையே கேட்டுப்புடலாம்" என்றார்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் ஊர் அம்மன் கோயிலில் பூ கேட்டார்கள். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி வாழையிலையில் மடித்து, பூசாரி சாமி காலடியில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. என் அம்மாவும் நானும் ஓரமாக நின்றோம்.

"இந்தச் சம்பந்தம் செய்யலாமா?" என்று கேட்டார்கள். சிவப்பு வந்தது.

பெண்ணின் அத்தைதான் வாயைத் திறந்தார். "கேட்டதே தப்பு. சம்பந்தத்தையா கேக்க வந்தோம்? புள்ளைக்கு ஒடம்புல கொறை உண்டான்னு கேளுங்க."

"குறை இல்லைன்னா வெள்ளை குடு தாயே" என்றார் பூசாரி. மறுபடியும் சிவப்பு.

என் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அத்தை அசரவில்லை. "பூசாரி, உனக்குக் கேக்கத் தெரியல. குறை இருக்கட்டும், இல்லாமப் போவட்டும். இவன் எங்க பொண்ண வெச்சிக் காப்பாத்துவானான்னு கேளு."

வெள்ளை வந்தது. குலவை போட்டார்கள். திரும்பி வரும்போது வெள்ளைப் பூ வந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். முதல் இரண்டு பொட்டலங்களைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகு என் கல்யாண வாழ்க்கை முழுவதிலும் யாரும் பேசவில்லை. ஆனால் தாய்மாமன் பஸ் ஏறும்போது என் தோளில் கை வைத்து, "ஆர்டர் மட்டும் வந்துடட்டும்" என்றார்.

நான் மேனேஜரைப் பார்த்தேன். இன்னொரு முறை டெஸ்ட் வைக்கச் சொல்லிக் கேட்டேன். நேர்மையான மனிதர்தான். தொழிலாளியின் கை போவதை உண்மையிலேயே வெறுத்தவர். அதனால்தான் அவரிடம் பேசுவது கடினமாக இருந்தது.

"மேடம் திரும்ப வருவாங்க. வந்தா எழுது" என்றார்.

வந்தார். இந்த முறை அவருக்குத் தேவைப்பட்டது அடுத்த ஷாப்பைச் சேர்ந்த வேறு ஆட்கள். என்னைப் பார்த்ததும் நடந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியை கேன்டீனில் வைத்துவிட்டு நேராகக் கூண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"கம்பெனிக்குக் குடுத்த ரிப்போர்ட்ல உங்கள இங்க போடச் சொல்லி நான் எழுதலை. தொடர்பு இருக்கலாம்னுதான் எழுதினேன்."

நான் என் கேள்வியை ஜன்னல் வழியாகக் கேட்டேன். "மொத்தம் எத்தனை விஷயம் அளந்தீங்க மேடம்?"

"இருபதுக்குக் கொஞ்சம் மேல வரும்."

"அதுல எத்தனை, அடிபட்டவங்களுக்கும் படாதவங்களுக்கும் வித்தியாசம் காட்டிச்சு?"

"நட்சத்திரம் மட்டும். அடிபட்டவங்களுக்கு நேரம் கொஞ்சம் கூட ஆச்சு."

"மத்ததெல்லாம்?"

"ஒண்ணும் காட்டலை." யாருக்கோ பாடம் ஒப்பிப்பதுபோல இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், இரண்டு கூட்டத்தை அளந்தால் ஏதோ ஒரு வித்தியாசம் தற்செயலாக வரத்தான் செய்யும். அதனால் அவர்கள் துறையில் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவதற்கு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்புதான் என்றால், தொடர்பு இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். அதாவது, ஒன்றுமே இல்லாத இடத்தில் இருபது தடவைக்கு ஒரு தடவை ஏமாறலாம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் அளந்தால் அது சரி. இருபது விஷயத்தை அளந்தால், எதிலுமே ஒன்றும் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்று எல்லையைத் தாண்டி வந்துவிடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். இல்லாததை இருக்கிறது என்று சொல்லும் இதற்கு முதல் வகைப் பிழை என்று பெயர். "புத்தகத்துல அதுக்கு ஒரு அத்தியாயமே இருக்கு. நானே பரிட்சையில எழுதியிருக்கேன்" என்றார்.

எனக்குக் கோயில் நினைவுக்கு வந்தது. கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டால் வெள்ளை வரத்தான் செய்யும். அதை அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பூ எனக்கு வேண்டியிருந்தது.

"அப்ப எப்படி மேடம் எழுதினீங்க?"

"கைடு சொன்னார். வராததை எழுதி வெச்சா யார் படிப்பா, வந்ததை எழுதுன்னார். அதனாலதான் இப்ப மறுபடியும் வந்திருக்கேன். புது ஆளுங்க, நட்சத்திரம் மட்டும். நிஜமான தொடர்புன்னா திரும்பவும் வரணும்."

எனக்கும் ஒரு தாள் கொடுத்தார். கைப்பழக்கத்தில் வேகமாகவே முடித்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவர் தலையசைத்தார். "ரெண்டாவது தடவை எல்லாரும் வேகமாத்தான் போடுவாங்க. இதை நான் கணக்குல எடுத்துக்க முடியாது. மன்னிச்சிடுங்க." மெதுவாகப் போட்டால் குற்றம் உறுதி, வேகமாகப் போட்டால் செல்லாது.

புது ஆட்களிடம் வித்தியாசம் வரவில்லை. அடிபட்டவர்களும் படாதவர்களும் நட்சத்திரத்தை ஒரே மாதிரித்தான் சுற்றி வந்தார்கள். அதைச் சொல்ல அவர் மேனேஜர் அறைக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார். அது அவர் எனக்குச் செய்த மரியாதை.

மேனேஜர் முழுக்கக் கேட்டார். பிறகு, "அப்ப இந்த முறை டெஸ்ட் சரியா நடக்கலைன்னு வெச்சுக்கலாமா?" என்றார்.

"இல்ல சார். முதல் முறை வந்தது தற்செயல்னு வெச்சுக்கணும்."

"ஒரு தடவை வந்திருக்கு, ஒரு தடவை வரலை. சமம்தானே?"

"சமம் இல்ல சார். முதல் தடவை நிறைய கேள்வி கேட்டு ஒண்ணுக்குப் பதில் வந்தது. இந்தத் தடவை ஒரே கேள்வி."

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்க நாலைஞ்சு பேரையும் மிஷின்லேர்ந்து எடுத்ததுக்கு அப்புறம் பிரஸ் ஷாப்ல ஒரு விரல் போகலை. இதுக்கு என்ன சொல்றே?"

"கரண்ட் கட் சார். பாதி நேரம் மிஷினே ஓடல."

"அது வேற விஷயம்."

இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருந்தது. டியூப் துண்டு. அதற்கு முந்தின நாள் மண்ணூர்க்காரர் கூண்டு வலையில் விரலைக் கோத்துக்கொண்டு சொல்லியிருந்தார்: "நைனா, நீ வெளிய வர்றதுக்கு இன்னா வோணா சொல்லு. டியூப்ப மட்டும் சொல்லாத. மொத்த லைனும் சஸ்பெண்டு ஆவும். எனக்கு ரெண்டு பொண்ணு கீது." அவர் மிரட்டவில்லை, கேட்டுக்கொண்டார். நான் மேனேஜரின் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேடம், நீங்க படிச்சவங்க, ஒரு சிம்பிள் கேள்வி" என்றார் மேனேஜர். "இவனைத் தப்பா கூண்டுல உக்கார வெச்சா கம்பெனிக்கு என்ன நஷ்டம்? ஒண்ணும் இல்லை. தப்பா மிஷின்ல நிக்க வெச்சு கை போயிடுச்சுன்னா? நான் எந்தத் தப்பைத் தேர்ந்தெடுக்கணும், சொல்லுங்க."

"ரெண்டுமே தப்புதான் சார். ஆனா ஒரு தப்போட விலையை நீங்க கொடுக்கறதில்ல" என்றார் ஆராய்ச்சிப் பெண். மேனேஜர் அதைக் கேட்டுக்கொண்டார். எதுவும் மாறவில்லை.

இரண்டாம் முறை வந்த முடிவை அவர் தன் ஆய்வேட்டில் எழுதியதாகப் பிறகு சொன்னார். கடைசியில், பின்னிணைப்பில். பட்டம் கிடைத்தது.

ஆர்டர் அந்தப் பொங்கலுக்குப் பிறகு வந்தது. நிரந்தரம். பணியிடம்: கருவி அறை. நிரந்தரமான ஆளை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றும் வழக்கம் அங்கே கிடையாது. பிரஸ் ஷாப்புக்குப் போக வேண்டுமென்றால் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுக்கலாம், அடுத்த முறை பார்ப்பார்கள், அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. பர்சனல் ஆபீஸ் கிளார்க் பேனாவை நீட்டிக்கொண்டு, "இன்னா சார், இதுக்குமா யோசனை?" என்றார். நட்சத்திரத்தின் முனையில் நின்றதுபோலவே நின்றிருந்தேன் போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டேன்.

சேரப்பணஞ்சேரியில் எல்லோருக்கும் சந்தோஷம். தாய்மாமன் ஆர்டரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மிஷின் வேலை இல்ல, குந்திக்கினு செய்ற வேலை. கை காலு பத்திரம். அம்மன் சொன்னது பலிச்சிச்சு பாத்தியா" என்றார். தட்டு மாற்றினார்கள்.

மறுநாள் காலை கூண்டுக்குள் போய்க் கொக்கியைப் போட்டேன். கரண்ட் கட் தளர்ந்திருந்த வாரம் அது, மாதக் கடைசியும்கூட. மிஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. என் பழைய பிரஸ்ஸில், அடுத்த ஷாப்பிலிருந்து புதிதாக வந்த, இன்னும் நிரந்தரமாகாத ஒருவர் நின்றிருந்தார். நட்சத்திரத்தை வேகமாக முடித்தவர் என்று கேள்வி.

மண்ணூர்க்காரர் ஜன்னலுக்கு வந்தார். கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொன்னார், பிரியாணி போடுவாயா என்று விசாரித்தார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ரெண்டு டியூப் துண்டு குடுபா. எனக்கு ஒண்ணு, புதுசா வந்த ஆளுக்கு ஒண்ணு" என்றார்.

கீழ்த் தட்டில் பழைய துணிக்கு அடியில் அவை இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். அதற்கு டோக்கன் கிடையாது.